கர்னல் குரலில் மாத்திரை

ஓய்வுபெற்ற சுபேதார் தணிகைவேலின் மருந்துப்பெட்டி, அவருடைய பழைய கர்னலின் குரலில் பேசும். முன்னாள் ராணுவத்தினர் மாத்திரையைத் தவறவிடாமல் இருக்க அப்படியோர் ஏற்பாடு. வீடு வீடாகப் போய் மருந்துகளைச் சரிபார்க்கும் மருந்தாளுநர் ஹெலன், அவர் நெற்றியில் புதிதாகப் போட்டிருந்த காயக்கட்டைப் பார்த்தாள்.

"இந்த பிரஷர் மாத்திரையாலதான் சார் தலை சுத்தி விழறீங்க. போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கர்னல் போடச் சொல்றாரும்மா."

"அவர் செத்து எட்டு வருஷமாச்சு."

"தெரியும். பாடைக்குத் தோள் கொடுத்தவன் நான்."

ஹெலன் அலுத்துப்போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். தணிகைவேல் பதறினார்.

"காலையில என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறது அவர் மட்டும்தான்."

ஹெலன் பிளக்கைக் கீழே வைத்தாள்.

"நாளையிலேர்ந்து ஆறு மணிக்கு நான் கூப்பிடறேன். சொன்னதைக் கேப்பீங்களா?"

அவர் யோசித்தார்.

"உங்க ரேங்க் என்னம்மா?"