சிப்பி நம்பவில்லை

மகன் திருமாறன் கனடாவிலிருந்து திரும்பிவிட்டான் என்று சிற்சபேசன் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வந்திருந்ததோ அவன் முகமும் குரலும் கொண்ட இயந்திரம். தனக்குப் பதிலாக அவனே அனுப்பியது. தெரு நம்பிவிட்டது. யாரையும் கடித்தறியாத நாய் சிப்பி மட்டும், அது வந்த நாளிலிருந்து அதைக் கண்டாலே பல்லைக் காட்டியது.

இன்று மகள் மங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அண்ணன்காரன் வாசலில் நின்று வரவேற்காவிட்டால் குடும்ப மானம் என்ன ஆவது? மகன் விட்டுப்போன பழைய சட்டையை எடுத்து இயந்திரத்துக்கு மாட்டினார்.

“சிப்பியக் கட்டிப் போடுங்கப்பா,” என்றாள் மங்கை.

“சட்டைய மோந்தா அடங்கிடும். என் வீட்டு நாய எனக்குத் தெரியாதா?”

மாப்பிள்ளை, தன் அப்பாவோடும் அண்ணனோடும் வந்து இறங்கினார். “வாங்க, வாங்க” என்று இயந்திரம் கைகூப்பியதும் சிப்பி பாய்ந்தது. சட்டையைக் கிழித்தெடுத்து மூலையில் கொண்டுபோய்ப் போட்டது. திரும்பி வந்து, மாப்பிள்ளையின் அண்ணனிடமும் அதே பல்லைக் காட்டியது. அவன் துளியும் மாறாத புன்னகையோடு நின்றான். அவனுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“கொஞ்ச நாளா இதுக்கு மனுஷங்களக் கண்டாலே ஆகறதில்ல,” என்றார் சிற்சபேசன்.

“ஆமாமா, அப்படித்தான் தெரியுது. கல்யாணத்துக்கு முன்னால எங்கயாவது விட்டுடுங்க, சம்பந்தி.”

சிப்பி சட்டையின்மேல் படுத்திருந்தது. சங்கிலியோடு குனிந்த சிற்சபேசனின் கையை நக்கியது. கொக்கியை மாட்ட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.