முடுக்கிய போல்ட்டு

பந்தி பாதியில் இருக்கும்போது பாட்டு நின்றுவிட்டது.

அரூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மாதேஸ்வரன் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பந்தலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகள் ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டன.

"யோவ் திருமாலு, என்னாய்யா ஆச்சு?" மாதேஸ்வரன் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

சவுண்டு சர்வீஸ் திருமால் மேல் பெட்டியின் கம்பி வலையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஸ்பீக்கரைப் புடிச்சிருக்கற போல்ட்டுங்க லூஸாயிடுச்சுங்கண்ணா. இதுக்கு மேல ஓட்டினா அதிர்வுல பிச்சிக்கிட்டு, கீழ உக்காந்திருக்கறவங்க தலையில விழும்."

"ஒரு பொட்டிதானே? மத்ததுல ஓட்டு."

"எல்லாமே ஆட்டம் குடுக்குதுங்க."

மாதேஸ்வரனின் மகன் சிவக்குமார் பந்தியைத் தாண்டிக்கொண்டு வந்தான்.

"மத்தவங்க மாதிரி வெறும் மர ஸ்க்ரூ போட மாட்டேன், பலகைக்குப் பின்னால பல்லு வெச்ச நட்டு அடிச்சு அதுல போல்ட்டு முடுக்கறேன், என்னா அதிர்ந்தாலும் அசையாதுன்னு சொன்னியே. அதை நம்பித்தானே உன்னைக் கூப்ட்டோம்?"

திருமால் தலையைக் குனிந்துகொண்டான்.

"காலையில சரியா முடுக்காம விட்டுட்டாங்க."

அத்தனை பேரும் அவன் மனைவி தேன்மொழியைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கியதும் ஸ்பேனரோடு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கியது அவள்தான். வந்தவர்கள் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்திருந்தார்கள்.

"பொம்பளைகிட்ட ஸ்பேனரைக் குடுத்தா இப்படித்தான்" என்றது ஒரு குரல். பந்தியில் சிரிப்பு எழுந்தது.

தேன்மொழி வாயைத் திறந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"வேற செட்டுக்குப் போன் போடறேன்" என்றான் சிவக்குமார்.

"அவன் வர்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சிடும், விடு" என்ற மாதேஸ்வரன், திருமாலின் மேல் பாய்ந்தார். "சொந்தக்காரங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டியேய்யா! தொழில் தெரியாதவனுக்கு எதுக்குய்யா போர்டு? எடு உன் பொட்டிய! இனிமே இந்த ஊருப் பக்கமே வராத!"

திருமாலும் தேன்மொழியுமாகப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள்.

பாட்டு நின்ற பிறகுதான் எதிர்வீட்டிலிருந்து ஒரு முனகல் வெளியே கேட்டது.

தேன்மொழிக்குக் காலையில் நடந்தது நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டு ராமக்கா வாசலில் வந்து நின்று கெஞ்சினாள். அவள் புருஷன் மாரப்பன், மாதேஸ்வரனின் கூடப்பிறந்த அண்ணன். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். 'பாட்டுல ஒவ்வொரு அடிக்கும் அவரு ஒடம்பு தூக்கிப் போடுதுப்பா, கொஞ்சம் கொறச்சு வைங்க' என்றாள்.

'கெணத்துத் தண்ணிக்கு எங்க மேல கேஸ் போட்டப்ப இந்த ஒறவெல்லாம் தெரியலையா?' என்று சிவக்குமார் கத்தி அனுப்பினான். திருமாலிடம் வந்து சத்தத்தை இன்னும் ஏற்றச் சொன்னான். மாதேஸ்வரன் பக்கத்திலேயே கல் மாதிரி நின்றிருந்தார்.

வண்டி ஊரைத் தாண்டியதும் தேன்மொழி கேட்டாள்.

"ஏங்க, பொட்டிய ஏத்தறப்ப எல்லாத்தையும் தொட்டுப் பாத்தேன். ஒரு போல்ட்டு லூஸா இருந்துச்சா, சொல்லுங்க?"

"இல்ல."

"அந்தப் பெரியவருக்காகத்தானே?"

திருமால் ரோட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டினான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தலையாட்டியிருப்பேனே. நாலு பேரு முன்னாடி எம்மேல பழியைப் போட்டுட்டீங்க. இனிமே ஒரு பொம்பளைய நம்பி எவனாவது ஸ்பேனரைக் குடுப்பானா?"

"அந்தப் பையன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டான். வாயில வேற எதுவும் வரல. தப்புதான் தேனு."

தேன்மொழி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பந்தல் போட்டவர்தான். மாரப்பன் இறந்துவிட்டார். பாட்டு நின்ற கொஞ்ச நேரத்தில் கண்ணயர்ந்தவர், அப்படியே தூக்கத்தில் போய்விட்டாராம்.

தேன்மொழி கடைசிப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றாள். கோபமெல்லாம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"கடைசி நேரத்துலயாவது நிம்மதியாத் தூங்கினாரே, அது போதும். ஆனா அந்த மாதேஸ்வரன் மனுசனா? கூடப்பொறந்த அண்ணன் எதிர்வூட்ல உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கறாரு. இந்த ஆளு பாட்டு நின்னுபோச்சேன்னு அந்தக் குதி குதிக்கறான். அவனெல்லாம் நல்ல சாவு..."

"திட்டாத தேனு" என்று அவள் கையைப் பிடித்தான் திருமால். "'எம் பேச்சு எம் மவன்கிட்ட எடுபடாதுப்பா. பொட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லி நிறுத்திடு, ஊரு நம்பற மாதிரி நானே உன்னைத் திட்டறேன், பொறுத்துக்க'ன்னு மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால எங்கையப் புடிச்சிக்கிட்டு அழுததே அவருதான்."