சந்தனப் பொட்டும் மஞ்சள் விளக்கும்

புக்கிட் பெலிம்பிங் கோயில் வாசலில் பூசை முடிந்த புதுக் காருக்குள் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிகிறது. தானாகப் பிரேக் போடும் வசதி வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம். காலையில் ஷோரூமிலிருந்து எடுத்து வந்தபோது அது எரியவில்லை. போன வருடம் செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் பின்னால் மோதியதிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடாத தனேஸ்வரி, இந்தப் பிரேக்கை நம்பித்தான் நாளை சபாக் ஊரிலுள்ள வேலைக்குத் தானே ஓட்டிப் போகத் துணிந்திருக்கிறாள். “எலுமிச்சங்கா நசுக்குனது பத்தல போல. சாவியக் குடு லா, நாளைக்கும் நானே கொண்டு போயி விடுறேன்,” என்கிறான் கணவன் விமலன். “சும்மா இருங்க லா.” அவள் இறங்கி முன்கண்ணாடியை அண்ணாந்து பார்க்கிறாள். வெயில் கூசுகிறது. கண்ணாடியின் உச்சியில், உள்பக்கம், இரண்டு கேமராக்கள். இரண்டும் பார்க்கும் காட்சிகளுக்கு இடையிலான சிறு வித்தியாசத்தை வைத்தே முன்வண்டியின் தூரத்தைக் கார் கணிக்கிறது; நெருங்கினால் கத்தும், ஓட்டுபவர் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும். இடது கேமராவுக்கு நேர் எதிரே, விமலன் எம்பி வைத்த சந்தனப் பொட்டு குங்குமத்தோடு காய்ந்துகொண்டிருக்கிறது. அவள் ஒரு கண்ணை மூடி இரு கைகளின் ஆள்காட்டி விரல் நுனிகளையும் தொடவைக்கப் பார்க்கிறாள். விரல்கள் விலகிப் போகின்றன; ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை, ஒரு கேமரா மறைந்த காருக்கும் அதே கதிதான். சிரித்தபடி ஈரத்துணியை எடுக்கிறாள். “அடியே, சாமிப் பொட்ட அழிக்கிறியே!” “அழிக்கல, எடம் மாத்துறேன்.” புதுச் சந்தனம் பொனட்டின் நடுவில் ஏறுகிறது. எஞ்சின் உயிர்பெறுகிறது, மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைகிறது. கேமராக்களுக்கு எதிரே கண்ணாடி சுத்தமாக இருந்தால் போதும், பிரேக் தன் வேலையைப் பார்க்கும்.