அறுபதாயிரத்தில் பதினேழு

நூலகரின் மேசையில் மத்தியான வெயில் விசைப்பலகை வரைக்கும் வந்து நிற்கிறது. பக்கத்து நாற்காலியில் வெல்டரின் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புருஷனுக்குக் கை நடுங்குகிறது. வயசாகிறது என்று டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தரவுத்தளத்தில் காலையிலிருந்து கை நடுக்கம் என்று தேடிய அவளுக்கு அறுபதாயிரம் கட்டுரைகள் வந்து குவிந்திருக்கின்றன. "அறுபதாயிரமும் ஒண்ணுதான், ஒண்ணுமே இல்லாததும் ஒண்ணுதான்," என்கிறார் நூலகர். "அவரு என்ன வேலை பாக்குறாரு?" டாக்டர் கேட்காத கேள்வி அது. "வெல்டிங். இருபத்திரண்டு வருஷமா." நூலகர் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொள்கிறார். வெல்டிங் புகை என்று சேர்க்கிறார், அறுபதாயிரம் முந்நூறாகிறது. அந்தப் புகையிலுள்ள, நரம்பைப் பாதிக்கிற மாங்கனீசு உலோகத்தையும் சேர்க்கிறார், தொண்ணூறு. மனிதர்கள் மட்டும் என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு. ஆய்வுக்கூடத்து எலிகளெல்லாம் மரியாதையாக வெளியே போகின்றன. பதினேழு. இத்தனைக்கும் அவர் விரல்களில் அவசரமே இல்லை. இருட்டிலும் தன் வீட்டுப் பூட்டைத் தடவித் திறக்கிற விரல்கள் அவை. அச்சு இயந்திரம் முனகிக்கொண்டே சூடான தாள்களைத் தள்ளுகிறது. "ரெண்டு பிரதி இருக்கு. ஒண்ணை டாக்டர் மேசையில வைங்க," என்று சொல்லிவிட்டு, நூலகர் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டுகிறார். கட்டுரையில் வருபவர் ஒரு நாற்பத்தெட்டு வயது வெல்டர். சட்டைப் பொத்தானைத் தானே போட முடியவில்லை. அவளுடைய விரல் அந்த வரியின் மேல் போய் நிற்கிறது. தாளைப் பார்த்தபடியே கேட்கிறாள்: "இவருக்கு யாரு போட்டுவிட்டாங்கன்னு எழுதியிருக்கா?"