மணிக்கட்டில் ஒரு பிடி

வாசலில் நின்ற பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல எம்புள்ள ஸ்டேஷன்லேருந்து முழுசா வந்துட்டான்மா. ஒரு அடி விழல."

ஏட்டின் மனைவி தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாள். ஏட்டு வலது மணிக்கட்டை நீட்டினார்.

"இன்னிக்கும் லத்திய ஓங்கினேன். பின்னாலேருந்து யாரோ பிடிச்சுக்கிட்டாங்க. திரும்பினா வெறும் சுவர்."

மணிக்கட்டில் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. நடுவிரல் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. போன வருஷம் இவர் அடித்து லாக்கப்பில் செத்துப்போன தச்சனின் நடுவிரலை, அதற்கு வெகு முன்பே ரம்பம் தின்றிருந்தது.

"அன்னிக்கும் யாராவது இப்படிப் பிடிச்சிருக்கலாம்," என்றார் ஏட்டு.

முழங்கையிலிருந்து தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவள் அந்தத் தடத்தருகே கையை நிறுத்திக்கொண்டாள். அது சீக்கிரம் ஆறிவிடக் கூடாது. வாசலில் வாங்கிய கும்பிடை அதற்குப் போட்டாள்.