நீலக் கோட்டு

நீலக் கோட்டு மறுபடியும் சஃபீனாவின் கையைப் பிடித்தது. வழுக்குப் பாறையில் கால் வைக்கத் தெரியாமல் அது திணற, சஃபீனா சிரித்துக்கொண்டே மேலே இழுத்துவிட்டாள். கூப்பிடு தூரத்தில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்ற உதுமானுக்கு ரத்தம் கொதித்தது.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிற மனிதருக்கு இந்தக் காட்டில் என்ன வேலை? எல்லாம் மகள் சஃபீனா செய்த வேலைதான். போன வருஷம் அவள் ட்ரெக்கிங் போகட்டுமா என்று கேட்டபோது, “பொம்பளப் புள்ளைக்கு மலையில என்ன சோலி?” என்று ஒரே போடாகப் போட்டு வாயை அடைத்திருந்தார். அதன் பிறகு அவள் கேட்கவேயில்லை.

ஆனால் சமீபகாலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் விக்ரோலியில் ஆபீஸ் ட்ரெயினிங் என்று கிளம்பிவிடுகிறாள். ட்ரெயினிங் போய் வந்தவளின் ஷூவில் அரை கிலோ செம்மண் எப்படி வந்தது? இன்று பின்னாலேயே கிளம்பிவிட்டார். ரயில் விக்ரோலியைத் தாண்டியும் அவள் இறங்கவில்லை. ஊரைத் தாண்டி மலைப்பக்கம் இருக்கும் கர்ஜத்தில் இறங்கினாள். அங்கே தலையை மூடிய நீல மழைக்கோட்டு ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பேசி முடிக்க வருகிறார்கள். வாக்குக் கொடுத்தாயிற்று. அந்த அவமானம்கூடக் கிடக்கட்டும், பெற்ற வாப்பாவிடம் பொய் சொல்லிவிட்டாளே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மலையடிவாரத்தில் இருவரும் வளைவில் மறைந்ததும் மனைவி நஜ்முன்னிசாவுக்குப் போன் போட்டிருந்தார். அவள் முட்டுவலிக்காரி. நெருளில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நேற்றே போயிருந்தாள்.

“ஏளா, ஒம் மவ எங்க போயிருக்கா?”

“விக்ரோலிக்கு. ட்ரெயினிங்குல்லா?”

“ட்ரெயினிங்கும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கர்ஜத் பக்கம் எவனோ ஒருத்தன்கூடச் சுத்துதா. நான் பின்னாலயே போறேன்.”

மறுமுனையில் ஏதோ குசுகுசுவென்றது. பிறகு இருமல் கேட்டது.

“ஆத்திரப்படாதிய. பாத்து வாங்க, பாறையெல்லாம் பாசி வழுக்கும்.”

“அத நான் பாத்துக்கிடுதேன்!” என்று கத்திவிட்டு வைத்தார்.

பாதை சுவரில் ஏறுவதுபோல் நிமிர்ந்துகொண்டே போனது. தன் கையாலேயே தைத்த தோல் செருப்பு முதல் அரைமணி நேரத்திலேயே ஊறிப் பல்லிளித்தது. “அங்கிள், சப்பல்ல ட்ரெக்கிங்கா?” என்று இந்தியில் கேட்டுச் சிரித்தபடி ஒரு கல்லூரிக் கூட்டம் அவரைத் தாண்டிப் போனது. அருவியைப் பார்த்ததும் எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். உதுமானுக்கு அது சந்தில் மெயின் பைப் உடைந்த மாதிரி எரிச்சலாக இருந்தது.

அதைவிட எரிச்சல், அவர் மூச்சு வாங்க உட்காரும்போதெல்லாம் நீலக் கோட்டும் நின்றுகொண்டது. ‘பத்தடி ஏறத் துப்பில்லாத பயலுக்கு என் மகள் கேட்குதாக்கும்!’ என்று பல்லைக் கடித்தார். அருவி ஓரத்துப் பாறையில் யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில் இருந்தது. யாருடையது என்றெல்லாம் யோசிக்கவில்லை, மடமடவென்று குடித்தார்.

சட்டென்று காடு முடிந்தது. உச்சியில் கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி, மஞ்சள் மஞ்சளாகப் பூ, கைக்கெட்டும் உயரத்தில் மேகம். உதுமான் எதையும் பார்க்கவில்லை. புல்லில் விரிப்பைப் போட்டு அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நீலக் கோட்டைத்தான் பார்த்தார். வார் அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

“எவம்ல நீ? எந்திரில! யாரு மவ கையப் புடிக்க?”

சஃபீனா பதறவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து மூன்றாவது டம்ளரில் டீயை ஊற்றினாள்.

ஓங்கிய செருப்புக்குக் கீழே, நீலக் கோட்டு நிதானமாகத் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பியது.

“முட்டுவலிக்காரி நானே ஏறிட்டேன். ஒங்களுக்காவ எத்தன எடத்துலதான் நின்னு நின்னு வாரது?”