கோணல் குக்கி

குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதும் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் மட்டும் அவருக்கு இன்னும் பச்சைக்கொடிதான்.

சமையலறை மேஜையில், ஓவனிலிருந்து இறக்கிய தட்டு ஆறிக்கொண்டிருந்தது. பீனட் பட்டர் குக்கி. உள்ளங்கை அகலம், நல்ல தடிமன், தொட்டால் அமுங்குகிற பதம், உள்ளே சாக்லேட். அவர் மனைவி சாக்லேட்டை உருண்டை பிடித்து ஃப்ரீசரில் கல்லாக்கி, அதைச் சுற்றி மாவைப் பொதிந்து சுடுவாள். நடுவில் இன்னும் வேகாத மாதிரி இருக்கும்போதே வெளியே எடுத்துவிடுவாள். தெருமுனை காபிக் கடைக்காரர் தினமும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டிலிருந்துதான் மாஸ்டர் தினமும் ஒன்றைத் திருடினார்.

மனுஷருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரும் மனைவி தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். அந்தத் தலை குளியலறைக்குள் போனதும் சத்தியமும் கூடவே போய்விடும்.

திருட்டிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. எந்தத் தட்டானாலும் ஓரத்தில் ஒன்று கோணலாக வந்திருக்கும். இத்தனை நாள் சுட்டும் இவளுக்குக் கை படியவில்லையே என்று உச்சுக் கொட்டியபடி அதை மட்டும்தான் எடுப்பார். கோணலை விற்று அவள் பேர் கெட்டுவிடக் கூடாது பாருங்கள். குக்கிகளை டப்பாவில் அடுக்குவதும் அவர் வேலைதான். கோணல் போன பிறகும் டப்பா கச்சிதமாக நிறைந்துவிடும். தினமும் ஒன்றைக் கூடவே சுடுகிறாளே, கணக்கில் கொஞ்சம் மட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொள்வார்.

ஒரே ஒரு குறை, இனிப்பு பத்தவில்லை. சாக்லேட் வேறு கசந்தது. இதற்குப் போயா ஊரே அடித்துக்கொள்கிறது என்று அவருக்கு வியப்பாக இருக்கும். சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகப் போடேன் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் குட்டு உடைந்துவிடுமே. வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்.

முந்தாநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். வழியெல்லாம் மாஸ்டர் தின்ற கோணல்களை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். டாக்டரோ ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார்.

"இந்த வயசுல இப்படி நாக்கைக் கட்டி வச்சிருக்கிறவரை நான் பார்த்ததே இல்ல சார்."

மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு. திரும்பும் வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். இரும்பு உடம்புடா நமக்கு என்று மாஸ்டருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் வெட்கம் பிடுங்கித் தின்றது. இவ்வளவு நம்புகிறவளை இப்படி ஏமாற்றுகிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மறுநாளும் தாழ்ப்பாள் விழுந்தது. மாஸ்டர் போனார், கோணலைக் கையில் எடுத்தார், ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு டப்பாவில் அடுக்கியவற்றின் மேலேயே அதையும் வைத்து அழுத்தி மூடினார். இனி ஜன்மத்துக்கும் தொடுவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இன்று காலை கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் சரியில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பாதி கடித்த குக்கி. "நேத்து ஒரு பழைய வாடிக்கைக்காரர் இதைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாரு. நானும் கிள்ளிப் பார்த்தேன். சர்க்கரையே இல்ல, சாக்லேட் கசக்குது. இப்படி இருந்தா நான் எப்படிக்கா தொடர்ந்து வாங்குறது?"

மனைவி பொட்டலத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் ஆசை ஆசையாக வளர்த்த வியாபாரம். ஒரு துண்டுக் குக்கியால் கையை விட்டுப் போகப் பார்க்கிறது. மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாதியிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுல என்னய்யா குறை கண்டீங்க? எப்பவும் போலத்தானே இருக்கு."

"எப்பவும் போலவா?" கடைக்காரர் அவரையே பார்த்தார். "நீங்க இனிப்பைத் தொடுறதே இல்லைன்னு அக்கா சொன்னாங்களே சார்."

மாஸ்டருக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அசடு வழிய நின்றார்.

மனைவி உள்ளே போய், அப்போதுதான் இறக்கிய தட்டிலிருந்து வட்டமான ஒன்றை எடுத்துவந்து கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் ஒரு கடி கடித்தார். கையில் வழிந்த சாக்லேட்டை நக்கிக்கொண்டே, இது போதும், நாளைக்கும் டப்பா வந்துடணும் என்றார்.

"உங்களுக்குப் பண்றது இதுதான் தம்பி. நேத்து வந்தது விக்கிறதுக்கு இல்ல. சர்க்கரை போடாம, கசப்பு சாக்லேட் வச்சு, வீட்டுக்குன்னு தினமும் ஒன்னே ஒன்னு பண்ணுவேன். அடையாளம் தெரியட்டும்னு கோணலாப் பிடிச்சு ஓரத்துல வைப்பேன். அது எப்படியோ உங்க டப்பாவுக்குள்ள வந்துடுச்சு."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"தாழ்ப்பாளைச் சத்தமாத்தானே போட்டேன்? நேத்து மட்டும் ஏங்க திருடலை?"